வாசனை இல்லாத பொடி

அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லா ஆசிரியர்களுக்கும் பட்டப்பெயர் உண்டு. கணக்கு ஆசிரியருக்கு வைத்திருந்த பெயர் வெளியில் சொல்லத் தக்கதல்ல. வேதியியல் ஆசிரியருக்கு மட்டும் கௌரவமான பெயர் வாய்த்திருந்தது: மூக்கு சார். மூக்கு பெரிது என்பதால் அல்ல. பார்வைக்குச் சாதாரண மூக்குதான், கண்ணாடி வழுக்கி இறங்காமல் தாங்குகிற அளவுக்கு இருந்தது. ஆனால் ஆய்வகத்தின் ஒரு மூலையில் யாராவது குப்பியைத் திறந்தால், அடுத்த மூலையில் நின்றபடி திரும்பிக்கூடப் பார்க்காமல் அதற்குள் இருப்பது என்னவென்று சொல்லிவிடுவார். மாணவர்கள் வேண்டுமென்றே அவர் முதுகுக்குப் பின்னால் ஒவ்வொன்றாகத் திறந்து சோதித்திருக்கிறார்கள். ஒருமுறை ஒருவன் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தான். “நேத்து வச்சதுடா, சாப்பிடாதே, வயித்தைக் கெடுத்துடும்” என்றார். வகுப்பு கைதட்டியது.

அந்தக் கைதட்டல்தான் மனுஷரைக் கெடுத்தது என்று சொல்லலாம். ஆய்வகத்து அலமாரியில் இருந்த குப்பிகளின் பெயர்ச்சீட்டுகளை அமிலப் புகை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. முதலில் எழுத்து போயிற்று, பிறகு காகிதமும் போயிற்று. ஆய்வக உதவியாளர் ஓய்வுபெற்றுப் போன இடத்துக்கு வேறு ஆளும் வரவில்லை. புதுச் சீட்டு எழுதி ஒட்டுவதற்கு அரை நாள் போதும். இவர் செய்யவில்லை. “எனக்கு எதுக்குச் சீட்டு? மூக்கு இருக்கு” என்பார். சொல்லிவிட்டுச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பார், யாராவது கேட்டார்களா என்று.

பாடங்களில் அவருக்குப் பிடித்தது கலவைகளைப் பிரிக்கிற பாடம். அதை நடத்துகிற நாட்களில் சட்டையைக்கூட நன்றாகத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வருவார். “கலக்கறதுக்கு எந்த மடையனாலயும் முடியும். பிரிக்கறதுக்குத்தான் படிப்பு வேணும்” என்று ஆரம்பிப்பார். மணலும் உப்பும் கலந்திருந்தால் தண்ணீர் ஊற்று, உப்பு கரையும், வடிதாளில் மணல் நிற்கும், வடிந்ததைச் சூடாக்கு, உப்பு திரும்பி வரும். இரும்புத் தூள் இருந்தால் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் காந்தத்தைக் காட்டு, நனைத்தால் துருப்பிடித்துப் பாழாகும். சில வெள்ளைப் பொடிகள் சூடு பட்டால் புகையாகி மேலே போகும். கிண்ணத்தின் மேல் புனலைக் கவிழ்த்துவை, புனலின் குழாயில் பஞ்சை அடை, புகை உள்சுவரில் ஆறிப் பொடியாகவே ஒட்டிக்கொள்ளும். இதற்குப் பதங்கமாதல் என்று பெயர். “எதுக்கு முன்னாடி எதைச் செய்யணும்ங்கறதுதான் மொத்த வித்தையும். அதைத் தெரிஞ்சுக்க முதல்ல பார்க்கணும், அப்புறம் மோந்து பார்க்கணும். வாயில மட்டும் வைக்கக் கூடாது, வச்சா நான் பொறுப்பில்ல” என்று முடிப்பார்.

போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு வந்ததுதான். மற்றவர்களுக்கு வந்த வழியே போயிற்று. இவருக்குப் போகும்போது மோப்பத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.

முதலில் கண்டுபிடித்தவள் மனைவி. அவள் முன்னறையில் தையல் இயந்திரம் போட்டு அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைப்பவள். அன்றைக்கும் ஒரு கோட்டுக்கு உள்துணி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று எழுந்து சமையலறைக்கு ஓடினாள். அடுப்பில் பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கரியாகிப் புகைந்துகொண்டிருந்தது. அடுப்புக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு இவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, வீடே தீஞ்ச நாத்தம் நாறுது, நீங்க பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிக்கிறீங்க?”

அவர் பாத்திரத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு அவர் தலையில் கை வைத்தாள். மருத்துவர், மோப்பம் வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார். வரவில்லை.

இதைப் பள்ளியில் சொல்லித் தொலைத்திருக்க வேண்டும். சொன்னால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். வாயு கசிந்தால் தெரியாத ஆளை ஆய்வகத்தில் வைத்திருக்க மாட்டார்கள். நூலகத்தில் உட்காரவைப்பார்கள், புத்தகத்தைத் துடைத்து அடுக்கச் சொல்வார்கள். அதைவிட, மூக்கு சார் என்ற பெயரை வைத்துக்கொண்டு மூக்கில்லாமல் தாழ்வாரத்தில் எப்படி நடப்பது? நினைக்கும்போதே அவமானத்தில் கூசிப்போனார். அதனால் நடிக்கத் தொடங்கினார். குப்பியைத் திறந்து, கையால் காற்றை மூக்குப் பக்கம் விசிறி, கண்ணை மூடிக்கொண்டு, “சொல்லுங்க பார்ப்போம், என்ன வாசனை?” என்று வகுப்பைக் கேட்பார். யாராவது சொல்வார்கள். “பரவாயில்லையே, உருப்பட்டுடுவீங்க” என்பார். குப்பிகளை இடம் வைத்து ஞாபகம் பிடித்துக்கொண்டார். மேல்தட்டில் இடது பக்கம் இருப்பது அந்துருண்டைப் பொடி, துணிக்குப் பூச்சி வராமல் போடுகிறோமே அதுதான். வலது பக்கம் இருப்பது நவச்சாரம், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் போடுவது. இரண்டும் வெள்ளை. இரண்டும் சூடு பட்டால் புகையாகப் போகும். ஒன்றுக்கு ஊரைக் கூட்டுகிற வாசனை, இன்னொன்றுக்கு ஒரு வாசனையும் இல்லை. முன்பெல்லாம் அலமாரிக் கதவைத் திறந்தாலே எது எதுவென்று அவருக்குத் தெரியும்.

அந்த வருஷத்து வகுப்பில் ஊசி என்று ஒரு பெண் இருந்தாள். ஒல்லி என்பதால் பாதி, கேள்வியால் குத்துவாள் என்பதால் பாதி, அப்படியொரு பெயர். அவளுடைய அம்மா சலவைக்கடையில் இஸ்திரி போடுபவள். அப்பா என்று யாரும் இல்லை. மருந்தாளர் படிப்புக்குப் போக வேண்டும், ஒரு மருந்துக்கடைக்குள் வெள்ளைக் கோட்டு போட்டு நிற்க வேண்டும், அம்மாவை அந்த நீராவியிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். இது அவள் ஆசை மட்டுமல்ல, அம்மாவும் பெண்ணும் சேர்ந்து போட்ட திட்டம். அந்தப் படிப்புக்கு மற்ற மதிப்பெண் எல்லாம் இருந்தாலும் வேதியியல் செய்முறைத் தேர்வில் குறைந்தால் கூப்பிடவே மாட்டார்கள். இது எல்லாருக்கும் தெரியும், மூக்கு சாருக்கும் தெரியும். ஊசியின் அம்மா அவரை வழியில் எங்கே பார்த்தாலும் நிறுத்திச் சொல்லிவிடுவாளே.

சாருக்கு ஊசியைப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. பயம் என்று சொல்லலாம். மற்றவர்கள் அவர் நடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், இவள் குப்பியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் அவர் மூடியைச் சரியாகத் திறக்காமலே காற்றை விசிறி, “ஆகா” என்றபோது, “சார், மூடி இன்னும் கழட்டலையே” என்றாள். வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்துச் சமாளித்தார். அன்றிலிருந்து அவள் பக்கம் வந்தாலே குப்பியை மூடி அலமாரியில் வைத்துவிடுவார். தெரிந்துகொண்டாளோ, தெரிந்துகொண்டு சும்மா இருக்கிறாளோ என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். அவளுக்கு ஒன்றும் தெரியாது. மூடி கழற்றவில்லை என்பது மட்டும்தான் அவள் கண்டது.

தேர்வுக்கு முன் விடுமுறையில் ஆய்வகத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். வெள்ளையடிக்க வந்தவர்கள் அலமாரியைக் காலி செய்து, குப்பிகளைத் தரையில் வரிசையாக வைத்து, வேலை முடிந்ததும் திரும்ப அடுக்கிவிட்டுப் போனார்கள். நல்ல மனுஷர்கள், ஒரு குப்பிகூட உடையவில்லை. ஆனால் மேல்தட்டில் இடது பக்கக் குப்பி வலது பக்கம் போயிற்று, வலது பக்கத்தது இடது பக்கம் வந்தது.

தேர்வுக்கு முந்தின நாள் எல்லா ஆசிரியர்களும் செய்வதை இவரும் செய்தார். கேள்வியைச் சொல்லவில்லை. “மணல், உப்பு, அந்துருண்டை, இந்த மூணையும் பிரிக்கறதை ஒருதரம் நல்லாப் பார்த்துட்டு வாங்க, எதுக்கும் நல்லது” என்றார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு எல்லார் வீட்டிலும் அதைத்தான் படித்தார்கள்.

மறுநாள் காலை சீக்கிரமே வந்து, இடது பக்கக் குப்பியை எடுத்து, மணலோடும் உப்போடும் கலந்து, சிறு கிண்ணங்களில் போட்டு மேசைதோறும் வைத்தார். ஒரு சோதனைக் குழாயில் ஒரு சிட்டிகை போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருந்தால் போதும். அந்துருண்டை கரையாது, நவச்சாரம் கரைந்துபோகும். வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார். தனக்குச் சொல்லிக்கொள்ளத் தோன்றவில்லை.

தேர்வு அமைதியாகத்தான் நடந்தது. ஸ்பிரிட் விளக்குகள் எரிந்தன, முக்காலிகளின் மேல் கம்பி வலையும் வலையின் மேல் கிண்ணமும் கிண்ணத்தின் மேல் கவிழ்ந்த புனலும் வரிசையாக நின்றன. புனல்களுக்குள் வெள்ளைப் புகை ஏறிச் சுவரில் படிந்தது. எல்லாம் புத்தகத்தில் போட்டிருந்தபடியே நடந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. அந்துருண்டையாக இருந்தாலும் புகை ஏறும், நவச்சாரமாக இருந்தாலும் ஏறும். கூர்ந்து பார்க்காத கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. வாசனை என்றால் உடனே காட்டிக்கொடுத்திருக்கும். ஆய்வகத்தில் அன்றைக்குப் புதுச் சுண்ணாம்பு வாசனையைத் தவிர வேறொன்றும் இல்லை.

பிள்ளைகள் எல்லாரும் ‘அந்துருண்டை வாசனை வந்தது’ என்று எழுதினார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை. நேற்று சார் சொன்னார், பக்கத்தில் இருப்பவன் எழுதுகிறான், எதிரில் இருப்பவள் எழுதுகிறாள், கொஞ்சம் முயன்று இழுத்தால் வருகிற மாதிரியும் இருக்கிறது. பாதிப் பேருக்கு உண்மையாகவே வந்திருக்கும்.

கடைசியில் ஒவ்வொருவராக அவர் மேசைக்கு வந்து, பிரித்ததைக் காட்டி, கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஊசி வந்தாள். மூன்று கிண்ணங்களை வரிசையாக வைத்தாள். மணல் உலர்ந்து சுத்தமாக இருந்தது. உப்பு வெள்ளைவெளேரென்று இருந்தது. வகுப்பிலேயே அவ்வளவு நன்றாக யாரும் பிரிக்கவில்லை.

“இது என்ன?” என்று மூன்றாவது கிண்ணத்தைக் காட்டினார்.

“நவச்சாரம் சார்.”

அவர் நிமிர்ந்தார். “என்னது?”

“நவச்சாரம் சார். அந்துருண்டைன்னுதான் முதல்ல நினைச்சேன். வாசனை வரல. அந்துருண்டைன்னா சூடு பட்டதும் முதல்ல உருகும், இது உருகவே இல்ல, நேரா புகையாப் போச்சு. கொஞ்சம் தண்ணில போட்டேன், கரைஞ்சிடுச்சு.”

இவ்வளவு தெளிவாக ஒருவர் பதில் சொன்னால் எந்த ஆசிரியரும் எழுந்து கை கொடுக்க வேண்டும். மூக்கு சாரின் காதில் விழுந்தது இரண்டே சொல்தான். வாசனை வரல. இந்தப் பெண் தன்னைச் சோதிக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது. வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிண்ணத்தை எடுத்தார், கையால் விசிறினார், கண்ணை மூடினார்.

“நல்லா வருதேம்மா வாசனை. ஆளைத் தூக்குது.”

“இல்ல சார், எனக்கு வரல…”

“இத்தனை பேருக்கு வருது, எனக்கு வருது, உனக்கு மட்டும் வரலையா?” வரிசையின் பக்கம் திரும்பினார். “என்னப்பா, வருதா இல்லையா?”

“வருது சார்” என்றது வரிசை.

ஊசி கிண்ணத்தை வாங்கி மறுபடி முகர்ந்தாள். ஒருமுறை, இன்னொருமுறை. அவள் முகம் மெல்ல மாறியது. கோபம் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவளுக்குச் சந்தேகம் வந்தது, அதுவும் அவரைப் பற்றி அல்ல. “சளி பிடிச்சிருக்கோ என்னவோ சார்” என்று சொல்லிவிட்டுக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போனாள்.

பொருளைத் தப்பாகச் சொன்னால் பாதி மதிப்பெண் போகும். விதி அப்படி. அவர் அந்த விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தார். மதிப்பெண் போடும்போது அவளுடைய அம்மா ஞாபகத்துக்கு வந்தாள். இருந்தாலும் குறைத்துத்தான் போட்டார். நேர்மையாக நடந்துகொண்டதாக ஒரு திருப்திகூட இருந்தது. அன்று மாலைக்குள் மதிப்பெண்கள் மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

மிச்சமிருந்த பொடியை ஒரு காகிதத்தில் மடித்து வீட்டுக்கு எடுத்துப்போனார். மனைவியின் துணி அலமாரியில் பூச்சி அரிக்கிறது, போட்டு வை என்று கொடுத்தார். அவள் பிரித்துப் பார்த்தாள்.

“என்ன இது?”

“அந்துருண்டைதான். பொடியாக்கினது.”

“யாரு சொன்னா? இதுல வாசனையே இல்லையே.” அவள் சாதாரணமாகச் சொன்னாள். சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். “என்னங்க? என்ன ஆச்சு?”

அவர் ஒரு தம்ளரில் தண்ணீர் எடுத்துவந்து பொடியைப் போட்டார். ஒரு கலக்குக் கலக்கினார். தண்ணீர் தெளிந்து கண்ணாடியாக நின்றது, அடியில் ஒன்றும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, நடந்ததை ஒன்று விடாமல் மனைவியிடம் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, பொடிக் காகிதத்தைப் பழையபடி மடித்து அவர் கையில் வைத்தாள்.

“நாளைக்கே போய்ச் சொல்லிடுங்க. வேலை போனா போகுது, நான் தைக்கிறேன். அந்தப் பொண்ணு பாவம் நமக்கு வேண்டாம்.”

மறுநாள் தலைமையாசிரியை அறைக்குப் போனார். தலைமையாசிரியை கெட்டவள் அல்ல, கல்நெஞ்சுக்காரியும் அல்ல. அவர் பேசுகிறவரைக்கும் குறுக்கிடாமல் கேட்டாள். முடித்ததும் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“இதை வேற யார்கிட்ட சொன்னீங்க?”

“வீட்ல மட்டும்தான் மேடம்.”

“சரி, யோசிச்சுப் பாருங்க. அந்தப் பொண்ணு எழுதினது சரின்னா, மத்த எல்லாரும் எழுதினது என்ன?”

பதிலையும் அவளே சொன்னாள்.

“இல்லாத வாசனையை மொத்த வகுப்பும் வந்ததுன்னு எழுதியிருக்கு. முந்தின நாளே நீங்க கேள்வியைச் சொல்லிட்டீங்கன்னு ஆகும். மேலிடத்துக்குத் தெரிஞ்சா தேர்வையே ரத்து பண்ணுவாங்க. மறுதேர்வு வைக்கிறதுக்குள்ள எல்லாக் கல்லூரியிலயும் சேர்க்கை முடிஞ்சிடும். ஊசிக்கும்தான் போகும், மத்தவங்களுக்கும் போகும். ஒரு பொண்ணுக்காக எல்லாப் பிள்ளைங்களையும் தெருவுல நிறுத்தச் சொல்றீங்களா?”

“அவளுக்கு மட்டும் மாத்த முடியாதா மேடம்? கூட்டல்ல தப்பு, அப்படி ஏதாவது சொல்லி…”

“அவ தாள்ல நவச்சாரம்னு இருக்கு. மத்த தாள்ல அந்துருண்டைன்னு இருக்கு. எடுத்துப் பார்த்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும் சார்.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நீங்க ஏன் முன்னாடியே சொல்லல? சொல்லியிருந்தா நானே பக்கத்துல ஒரு ஆளைப் போட்டிருப்பேனே.”

ஆய்வகச் சாவியை மேசைமேல் வைக்கச் சொன்னாள். வைத்தார். அடுத்த வாரத்திலிருந்து நூலகம் என்றாள். எந்த நூலகத்துக்குப் பயந்து இத்தனையும் செய்தாரோ அந்த நூலகம். அதுவும் ஒருவருக்கும் பிரயோஜனம் இல்லாமல்.

ஊசியிடமாவது உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. மற்ற மதிப்பெண்கள் நன்றாக இருக்கின்றன, எப்படியாவது இடம் கிடைத்துவிடும், கிடைத்த பிறகு சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு நாட்களை ஓட்டினார். முடிவு வந்தது. மருந்தாளர் படிப்புக்குக் கூப்பிட்டவர்களில் ஊசி இல்லை. அவளிடம் பார்த்து எழுதுகிற ஒருவனுக்குக் கிடைத்திருந்தது.

அதற்கு மேல் அவரால் வீட்டில் இருக்க முடியவில்லை. ஆய்வகச் சாவியின் நகல் ஒன்று அவரிடம் இருந்தது. ஆய்வகத்தைத் திறந்து அந்த நவச்சாரக் குப்பியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு சலவைக்கடைக்கு நடந்தார்.

கடை ஒரு குறுகலான தெருவில் இருந்தது. முன்பக்கம் துணி வாங்குகிற மேடை. அதற்குப் பின்னால் கம்பியில் சட்டைகள் வரிசையாகத் தொங்கின, ஒவ்வொன்றின் காலரிலும் ஒரு எண் குத்தியிருந்தது. உள்ளே பெரிய இஸ்திரி இயந்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை வாயை மூடும்போதும் நீராவி சீறிக்கொண்டு வெளியே வந்தது. சோப்பும் வெளுப்பு மருந்தும் சூடான துணியும் கலந்து அங்கே என்னென்னவோ வாசனை இருந்திருக்க வேண்டும். அவருக்கு வெக்கை மட்டும் தெரிந்தது. ஊசி அம்மாவுக்கு எதிரில் நின்று விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

“அட, மூக்கு சார்! வாங்க, வாங்க” என்று அம்மாதான் முதலில் பார்த்தாள். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். “பார்த்தீங்களா சார், கிடைக்காமப் போச்சு.”

“அதைப் பத்தித்தான் வந்தேன்மா.”

“என்னத்தைப் பேசறது சார். இவளுக்கு இப்படி ஒரு குறை இருக்குன்னு இத்தனை நாள் எனக்குத் தெரியாமப் போச்சே. அன்னைக்கு வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. எல்லாருக்கும் வாசனை வந்துச்சாம், இவளுக்கு மட்டும் வரலையாம். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ஒண்ணும் இல்லம்மாங்கறார். ஒண்ணும் இல்லாமலா வகுப்பே மோந்த வாசனை இவளுக்கு வராம இருக்கும்? நான்தான் பிடிவாதம் பிடிச்சு மூக்குக்குச் சொட்டு மருந்து வாங்கிட்டு வந்தேன். பொறந்ததுலேர்ந்து இந்த வெளுப்பு மருந்துப் புகையிலயே வளர்ந்தவ. என்னால வந்த வினைதான் இது.”

அவள் கண் கலங்கிவிட்டது. ஊசி விரிப்பை மடித்து மேசைமேல் வைத்தாள். “அம்மா, சும்மா இரும்மா” என்றாள்.

“அம்மா, நான் சொல்றதைக் கேளுங்க” என்றார் அவர். “அவ மூக்குல ஒரு குறையும் இல்ல. அவ சொன்னதுதான் சரி. நான்தான் தப்பான பொடியைப் போட்டுட்டேன். எனக்குத்தான் வாசனை தெரியாது. காய்ச்சல்ல போயிடுச்சு. எனக்கு மூக்கே இல்லம்மா.”

அம்மா ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு சிரித்தேவிட்டாள். கண்ணீரோடு சேர்ந்து வந்த சிரிப்பு.

“மூக்கு சாருக்கா மூக்கு இல்ல? இவளுக்கு ஆறுதல் சொல்றதுக்காக உங்க பேரையே கெடுத்துக்குவீங்களா சார்? இந்தப் பெரிய மனசு யாருக்கு வரும்!”

“சத்தியமா சொல்றேன்…”

“வேண்டாம் சார். உங்க வாயால அப்படிச் சொல்லாதீங்க.”

அவர் பையிலிருந்து குப்பியை எடுத்தார். ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டார். அம்மா கொண்டுவந்தாள். பொடியைப் போட்டுக் கலக்கி ஊசியிடம் நீட்டினார். “அன்னைக்குக் குடுத்த பொடி இதுதான். பாரு. கரையுதா?”

“கரையுது சார்.”

“அந்துருண்டை கரையுமா?”

“கரையாது சார்.” ஊசி தம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “ஆனா அன்னைக்கு இதே பொடிதானான்னு நமக்கு எப்படித் தெரியும்? அன்னைக்கு நான் கரைச்சதுல உப்பு ஒட்டியிருந்திருக்கும் சார். நான் சரியாப் பிரிக்கல.”

வகுப்பிலேயே அவளைப் போல யாரும் சுத்தமாகப் பிரிக்கவில்லை. அதை அவர் தன் கண்ணால் பார்த்தார். இப்போது அவள் அதையும் நம்பவில்லை. குப்பியின் மூடியை முழுவதுமாகக் கழற்றி அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“மோந்து பாரும்மா. நீயே மோந்து பாரு. ஒரு வாசனையும் இருக்காது. உனக்கு என்ன தெரியுதோ அதைச் சொல்லு, போதும்.”

இயந்திரம் நீராவியை விட்டு ஓய்ந்தது. ஊசி குனிந்து மூச்சை இழுத்தாள். அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, இந்தத் தடவையாவது வாசனை வருகிறது என்று மகள் சொல்லிவிட மாட்டாளா என்று இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். ஊசி நிமிர்ந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“வருது சார்” என்றாள்.

“என்ன வருது?”

“அந்துருண்டை வாசனை. இப்ப நல்லா வருது.”

அம்மா ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டாள். சொட்டு மருந்து பலித்துவிட்டது என்றாள், சார் கைராசி என்றாள், குழந்தைக்குக் குறை இல்லை, அது போதும், படிப்பு போனால் போகட்டும் என்றாள். ஊசி அம்மாவின் தோளுக்கு மேலாகச் சாரைப் பார்த்து, சரியாகச் சொன்னேனா என்பதுபோல் லேசாகத் தலையசைத்தாள். அவர் குப்பியை மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை ஆழமாக இழுத்துப் பார்த்தார்.

“இருங்க சார், டீ வாங்கிட்டு வரச் சொல்றேன்” என்றாள் அம்மா.